தரைதட்டிய பாய்மரப் படகின் கீலைச் சோதிப்பது எப்படி?

இங்கிலாந்தின் தென்கரையில், சவுத்தாம்ப்டனுக்கும் வைட் தீவுக்கும் இடையே உள்ள சோலன்ட் நீரிணையில், நாங்கள் மூவர் கூட்டாக வைத்திருக்கும் 31 அடிப் படகைச் சென்ற செப்டம்பரில் பிராம்பிள் என்னும் மணல்திட்டின் மேல் ஏற்றிவிட்டேன். அந்தத் திட்டு யாருக்கும் தெரியாத ஒன்றல்ல. ஆண்டுக்கொரு முறை பெருவற்றத்தில் அது வெளியே தெரியும்போது இரண்டு படகுக் கழகத்தார் அதன் மேல் கிரிக்கெட் ஆடுகிறார்கள். 2015 ஜனவரியில் ஒருபுறம் சாய்ந்துவிட்ட ஹோக் ஒசாகா என்ற கார் ஏற்றும் கப்பலை வேண்டுமென்றே அதன் மேல்தான் ஏற்றி நிறுத்தினார்கள். இத்தனையும் தெரிந்திருந்தும் குறுக்குவழியில் போக ஆசைப்பட்டேன். ஆகவே இது தரைதட்டாமல் இருப்பதற்கான பாடம் அன்று. தட்டிய பின் என்ன செய்வது என்பதற்கான விளக்கம்.

இங்கே கீல் என்பது கண்ணாடியிழைப் படகின் அடியில் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டு, மீனின் துடுப்பு போல் கீழே நீளும் கனமான இரும்புப் பகுதியைக் குறிக்கும். படகு கட்டும் நம் ஓடாவிகள் ஏரா என்று சொல்வது மரப்படகின் முதுகெலும்பான அடிக்கட்டையை. அதைச் சோதிக்கும் முறை வேறு.

முதல் படி: படகு நின்றதும் யாருக்கும் அடிபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எஞ்சினைத் தொடுவதற்கு முன் தரைப்பலகையைத் தூக்கி, உள்ளே தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஏறினால் திட்டிலிருந்து இறங்க அவசரப்படக்கூடாது. ஆழத்தில் மூழ்குவதைவிட மணலில் நிற்பது மேல். அந்த நிலையில் விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் கடலோரக் காவல்படையை அழையுங்கள்.

இரண்டாம் படி: தண்ணீர் ஏறவில்லை, ஓதமும் வற்றிக்கொண்டிருக்கிறது என்றால், படகைச் சாய்த்து இறக்குங்கள். சாயும் படகுக்கு அவ்வளவு ஆழம் தேவைப்படாது. பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் பூம் என்ற கழியை வெளியே தள்ளி அதன் மேல் இருவரை உட்காரவைத்ததும் எங்கள் படகு பத்தே நிமிடத்தில் நழுவி இறங்கியது. எஞ்சினை முழுவேகத்தில் பின்னோக்கி ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. கலங்கிய மணலை எஞ்சினின் குளிரூட்டும் குழாய் உறிஞ்சிக்கொள்ளும்.

மூன்றாம் படி, சேதத்தைத் தேடுவது. இதில்தான் நான் சறுக்கினேன். கரையேற்றியதும் கீலின் முன்நுனியில் வண்ணம் உரிந்து இரும்பு பளபளத்ததைப் பார்த்து, அதுவே சேதம் என்று முடிவுகட்டி, இரண்டு நாள் உராய்ந்து, எபாக்சிப் பிசின் பூசி, அழகாக வண்ணமும் அடித்தேன். மூன்று வாரம் கழித்து, எப்போதும் எளிதாக நழுவி விழும் பின்பக்கத் தரைப்பலகை அன்று தன் இடத்தில் உட்கார மறுத்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தால், கீலின் பின்முனைக்கு நேர் மேலே குறுக்குச் சட்டம் ஒன்று படகின் அடியிலிருந்து பெயர்ந்து, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது.

காரணம் எளிது. கடப்பாரையின் நுனியைக் கல்லில் கொடுத்து நெம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். கீலின் கீழ்நுனி மண்ணில் நின்றுவிடுகிறது. மேலே உள்ள படகோ இன்னும் முன்னோக்கிப் போகிறது. அதனால் கீலின் மேல்விளிம்பு முன்பக்கத்தில் கீழே இழுபட்டு, படகோடு சேரும் மூட்டைத் திறக்கிறது. பின்பக்கத்தில் மேல்நோக்கிப் படகின் அடியைக் குத்துகிறது. இடித்த இடம் கீழே முன்னால் இருக்க, உடைந்த இடம் மேலே பின்னால் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் நடந்ததை 3 நாட் வேகத்தில் நடந்ததோடு ஒப்பிட்டு ஆறுதல் கொள்ளாதீர்கள்.

ஆகவே உள்ளிருந்து தொடங்குங்கள். கீலின் பின்முனைக்கு மேலுள்ள சட்டங்களை நன்றாகத் துடைத்து, கறுப்பு மார்க்கரால் தடவி, உடனே துணியால் துடைத்தெடுத்தால், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலில் மை தங்கிக் கோடு காட்டும். போல்ட்டுகளின் வாஷரைச் சுற்றித் துருக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் ஈரம் இருந்தால் நாக்கில் வைத்துப் பாருங்கள்; உப்புக் கரித்தால் அது மழைநீர் அன்று. நட்டுகளை மட்டும் முறுக்கிவிடாதீர்கள். தடயம் அழிந்துபோகும், மூட்டும் சரியாகாது.

நான்காம் படி, பாரந்தூக்கியில் படகு தொங்கும் நேரம். கீல் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயரத்தில் இருக்கும்போது பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். கூடுதல் கட்டணம் கேட்டாலும் கொடுங்கள். அப்போது கீலின் முழு எடையும் போல்ட்டுகளில் தொங்குவதால் மூட்டு திறந்திருந்தால் தெரியும். கட்டையின் மேல் இறக்கியதும் அதே இடைவெளி மூடிக்கொண்டு உங்களை ஏமாற்றிவிடும். ஒருவர் வெளியே ஃபீலர் கேஜோடு (இடைவெளியை அளக்கும் மெல்லிய உலோகத் தகடுகள்) நிற்க, மற்றொருவர் எதிரே நின்று கீலின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளிப்பார்க்கட்டும். கரையில் நின்ற சில நாள்களுக்குப் பிறகும் மூட்டிலிருந்து நீர் கசிந்தால் அதுவும் தடயமே.

படகின் அடியைச் சோதிக்க, ஈரமானியைவிடத் தட்டிப்பார்க்கும் சிறு பிளாஸ்டிக் சுத்தியலையே நான் நம்புகிறேன். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், இழை பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். புதிய விரிசல் தெரிந்தால் அதற்கு மேல் நம் வேலை இல்லை. காப்பீட்டாரிடம் சொல்லிவிட்டு, படகு மதிப்பாய்வாளரை அழைக்க வேண்டும். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிகி என்ற படகு கீலை இழந்து கவிழ்ந்ததில் நால்வர் மாண்டனர். முன்பு நேர்ந்த தரைதட்டல்களும் அவற்றுக்குப் பின் செய்த பழுதுநீக்கங்களும் சேர்ந்து பிடிப்பைத் தளர்த்தியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல்விபத்துப் புலனாய்வுப் பிரிவு கருதியது.

பின்சேர்க்கை: ஈயக் கீலுக்கும் இது பொருந்துமா என்று வாசகர் ஒருவர் கேட்டார். பொருந்தும், ஆனால் ஈயம் தானே நசுங்கி மோதலின் அதிர்ச்சியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், வார்ப்பிரும்போ அதை அப்படியே மேலே அனுப்பும். மற்றொருவர் தம் படகில் கீலுக்கு ஒன்றும் ஆகவில்லை, சுக்கான் தண்டுதான் வளைந்திருந்தது என்று எழுதினார். அதை நான் சேர்க்க மறந்துவிட்டேன்: சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்புங்கள், நடுவே ஓரிடத்தில் கை கனத்தால் தண்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.