பயிர்க்காவல் துவக்கு: பணம் கட்டும் முன்

இலங்கையின் வடக்கே, பன்றியும் குரங்கும் விளைச்சலை அழிக்கும் வன்னியில் துவக்கு (துப்பாக்கி) வாங்க எண்ணும் கமக்காரர், விற்பனையாளருக்கு முற்பணம் கொடுக்கும் முன்னரே மாவட்டச் செயலகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் ஆளுக்கு உரியதேயன்றித் துவக்கோடு சேர்ந்து கைமாறுவதில்லை. தகப்பனின் துவக்கு மகனுக்குத் தானாகவே வந்துவிடும் என்று நம்புவோர் எங்கள் ஊர்களில் இன்னும் உண்டு. உரிமையாளர் இறந்தால் அதைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டு, மகன் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிப்பதே முறை.

செலவை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அனுமதிக் கட்டணம் அரசுக்குரியது. அதைச் செலுத்தியதும் பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். துவக்கின் விலை, தோட்டா, பழுதுபார்ப்பு ஆகியவை விற்பனையாளரின் கணக்கு. அவற்றைத் தனித்தனியே எழுதி வாங்காமல் மொத்தத் தொகைக்குத் தலையாட்டாதீர்கள். பற்றுச்சீட்டில்லாமல் “அலுவல் செலவு” என்று கேட்கப்படும் பணம் இரண்டிலும் சேராது. கிராம அலுவலரின் சான்று, காணிப் பத்திரம், பொலிஸ் அறிக்கை என்று அலையும் நாட்களில் இழக்கும் கூலியையும் பஸ் காசையும் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். பலருக்கு அதுவே கட்டணத்தை விட உறைக்கிறது.

அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். யானையைச் சுடுவதற்கு அது எவ்வகையிலும் இடமளிக்காது.