முதல் பாட்டு ஓடவில்லையா? அதையே திரும்பச் செய்யுங்கள்

முதல் எலக்ட்ரானிக் பாப் பாட்டை வெளியிட்டு, நண்பர்களைத் தவிர யாரும் கேட்கவில்லை என்றால் உடனே அடுத்ததுக்குத் தாவக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். பிரிட்டிஷ் பாப் இரட்டையர் பெட் ஷாப் பாய்ஸின் முதல் சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ 1984-இல் பாபி ஓர்லாண்டோ தயாரிப்பில் வந்தபோது அமெரிக்க கிளப்புகளில் ஓரளவு ஓடியது, சொந்த நாடான பிரிட்டனில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே பாட்டை தயாரிப்பாளர் ஸ்டீபன் ஹேக்கை வைத்து மறுபடி பதிவு செய்து 1985 அக்டோபரில் விட்டார்கள். 1986 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம், மே மாதம் அமெரிக்காவிலும் முதலிடம்.

சரி, நம் பாட்டுக்கு வருவோம். முதலில் ஒரு மாதம் அதைக் கேட்கவே கேட்காதீர்கள். அப்புறம் எல்லா ட்ராக்கையும் மியூட் செய்துவிட்டு, மெட்டை மட்டும் வெறும் பியானோ சத்தத்தில் வாசித்துக் கூடவே பாடிப் பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் திரும்பச் செய்யலாம். பிடிக்கவில்லையா, மூடி வைத்துவிடுங்கள், எந்த சின்த்தும் (சிந்தசைசர் ஒலியும்) காப்பாற்றாது.

அடுத்தது கிக்கும் (‘தும்’ என்று அடிக்கும் டிரம்) பேஸும் (அடிநாதம்), வீட்டில் செய்யும் பாட்டுகளில் பாதி இங்கேதான் சொதப்பும். இரண்டும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரே இடத்துக்குச் சண்டை போடும், ஹெட்ஃபோனில் கும்மென்று இருப்பது காரில் போட்டால் குழம்பிப்போய்க் கேட்கும். கிக் அடிக்கும் நொடியில் பேஸ் தானாகக் குறைகிற மாதிரி சைட்செயின் கம்ப்ரெஷன் போடுங்கள். மற்ற சின்த்துகளில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள், தனியாகக் கேட்டால் மெலிந்துபோனதாகத் தெரியும், மொத்தமாகப் போட்டால் பாட்டு மூச்சு விடும். என் முதல் பாட்டில் கோரஸுக்கு (திரும்பத் திரும்ப வரும் பகுதிக்கு) மட்டும் ஏழு சின்த் அடுக்கியிருந்தேன் (பெருமை வேறு!), திரும்பச் செய்தபோது இரண்டுதான் மிஞ்சியது.

டெம்போவை (பாட்டின் வேகத்தை) ஐந்தாறு பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு ஐந்தாறு பீட், இறக்கியும் ஒருமுறை பாடிப் பாருங்கள், முதல் பாட்டு என்றாலே நாம் அவசரப்பட்டிருப்போம்.

குரலைப் புதிதாகத்தான் பதிவு செய்ய வேண்டும், பழையதை ஒட்டவைக்காதீர்கள். பெட் ஷாப் பாய்ஸ் பாடகர் நீல் டென்னன்ட் ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ பாட்டில் சரணத்தைக் கிட்டத்தட்டப் பேசியே கடக்கிறார், கோரஸில்தான் பாடுகிறார், அந்த வித்தியாசத்தால்தான் கோரஸ் வரும்போது கதவு திறந்த மாதிரி இருக்கிறது. நீங்களும் சரணத்தை மைக்குக்குப் பக்கத்தில், ரெவெர்ப் (எதிரொலி) அதிகம் இல்லாமல், காதில் சொல்வதுபோலப் பதிவு செய்யுங்கள். கோரஸுக்கு இன்னொருவர் குரலைப் பின்னால் சேருங்கள், அந்தப் பாட்டின் 1985 பதிப்பில் பாடகி ஹெலினா ஸ்பிரிங்ஸ் அப்படித்தான் பாடியிருக்கிறார்.

தொடக்கத்துக்கு ஒரு இடம் வேண்டும். ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ தெருச் சத்தத்தோடு ஆரம்பிக்கும், முதல் பீட்டுக்கு முன்பே ஊர் கண்முன் வந்துவிடும். கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள், அதில் ஐந்து நொடி தேறினால் போதும்.

பழைய பதிப்பை யாரோடாவது சேர்ந்து செய்திருந்தால், வேலையைத் தொடங்கும் முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பெட் ஷாப் பாய்ஸே ஓர்லாண்டோவிடமிருந்து விடுபட எதிர்கால வருமானத்தில் பங்கு தர ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.