ஏலத்தோட்டத்தில் ஆள் நடத்துவது எப்படி: புதிய சூப்பர்வைசர்களுக்கு

கம்பம், தேவாரம், போடி பக்கமிருந்து விடியுமுன்னே ஜீப் ஏறி, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பல வருடம் காய் எடுத்துப் பழகியவர்கள். அவர்களுக்குச் சூப்பர்வைசராக வருகிறவருக்குப் பல நேரம் அவர்களுடைய பிள்ளை வயதுதான் இருக்கும். அங்கே அதட்டினாலும் வேலை நடக்காது, கெஞ்சினாலும் நடக்காது. நீங்கள் அடுத்த சரிவுக்குப் போன பிறகும் காய் ஒழுங்காக வருகிறதா என்பதை வைத்துத்தான் உங்கள் திறமையைச் சொல்ல முடியும்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1939-இல் வெளிவந்த கர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் என்ற உளவியலாளர்களின் ஆய்வில், சிறுவர் குழுக்களை மூன்று விதமாக நடத்திப் பார்த்தார்கள்: முழுக்கக் கட்டளை, கலந்து பேசி முடிவெடுப்பது, கண்டுகொள்ளாமல் விடுவது. கட்டளையில் ஓடிய குழுவில், தலைவர் அறையைவிட்டுப் போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசிய குழு தொடர்ந்து செய்தது. ஏலத்தோட்டத்தில் செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும்; பத்தடி தள்ளி இருப்பவரே கண்ணில் படமாட்டார். எல்லோரையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்பது இங்கே நடக்காத காரியம்.

அதற்காக எல்லா வேலையையும் பேசிப் பேசி முடிவு செய்ய வேண்டியதில்லை. மருந்து அடிப்பில் பேச்சுக்கே இடமில்லை, கட்டளைதான். கையுறையும் முகமூடியும் இல்லாதவர் பம்ப்பைத் தொடக்கூடாது. அடித்த பிறகு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று மருந்து டப்பாவில் போட்டிருக்கிறதோ, அத்தனை நாள் கழியும்வரை மருந்து அடித்த இடத்தில் காய் எடுக்க ஆள் இறக்கக்கூடாது. நிழல் மரத்தைக் கவாத்து செய்து கிளை வெட்டும்போது கீழே ஆள் நிற்கவும் கூடாது. களை எடுப்பு போன்ற பழகிய வேலையை அனுபவசாலி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நகருங்கள்.

காய் எடுப்பில்தான் உங்கள் முழுக் கவனமும் வேண்டும். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் 30 முதல் 45 நாள் இடைவெளி வரும். எடுக்க வேண்டியது கரிக்காய்: தோல் பச்சையாகவே இருக்கும், பிளந்தால் விதை கறுத்திருக்கும். விதை வெள்ளையாக இருந்தால் பிஞ்சு. காய் உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்ததும் சுருங்கிப்போகும். பழமாகிவிட்டால் உலர்த்தும்போது வெடிக்கும், பச்சை நிறமும் கிடைக்காது. நல்ல கரிக்காயே சுமார் 5 கிலோ போட்டால்தான் உலர்ந்து 1 கிலோ வரும். பிஞ்சு கலந்தால் அதுவும் குறையும்.

காலையில் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, அன்றைய பகுதியிலிருந்தே மூன்று காயைப் பிளந்து எல்லோர் கையிலும் கொடுத்துக் காட்டுங்கள். புது ஆளைத் தனியாக விடாமல் பழகியவருக்குப் பக்கத்து வரிசையில் நிறுத்துங்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஒவ்வொரு பையிலிருந்தும் 100 காயை எண்ணி எடுத்து, பிஞ்சைப் பிரித்துப் பாருங்கள். மத்தியானம் பார்த்தால் கெட்டது கெட்டதுதான், திருத்த முடியாது.

பிஞ்சு அதிகம் இருந்தால் தூரத்திலிருந்து கத்தாதீர்கள். கிட்டப் போய்க் குனிந்து, அவர் காய் எடுத்த சரத்தையே, அதாவது செடியின் அடியில் பூவும் காயுமாக இருக்கும் தண்டையே, தூக்கிப் பாருங்கள். காரணம் அங்கேயே தெரியும். நிழல் அடர்ந்து இருட்டாக இருந்தால் அந்த வரிசையை வெயில் ஏறிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள். கிலோக் கணக்கில் கூலி என்றால் எடை கூட்டுகிற அவசரம் இருக்கும். அப்போது ஆளைக் குறைசொல்லிப் பயனில்லை, பிஞ்சுக்கு என்ன கழிவு என்பதைக் காலையிலேயே எல்லோர் முன்னும் சொல்லியிருக்க வேண்டும். சரத்தை மிதித்தோ இழுத்தோ பூ உதிர்ந்திருந்தால், உதிர்ந்த பூவைக் கையில் எடுத்துக் காட்டி, “அக்கா, இது அடுத்த சுற்றுக் காய்” என்று சொன்னால் போதும். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் கண்டித்தால், அன்றைக்கு அந்த வரிசை மட்டுமல்ல, அவருடைய ஊர்க்காரர்கள் எல்லோருடைய வேலையும் மந்தமாகும்.

எடை போடும்போது தராசு பூஜ்யத்தில் நிற்பதை அவர்களும் பார்க்க வேண்டும். மழை நாளில் நனைந்த சாக்கின் எடையைத் தனியாகப் போட்டுக் கழியுங்கள். குத்துமதிப்பாகக் கழிப்பதில்தான் சண்டை தொடங்கும். உங்கள் நோட்டில் எழுதும் அதே எண்ணை அவருடைய சிட்டையிலும் எழுதிக் கொடுங்கள்.

மேனேஜர் மலையாளத்தில் சொல்வதைத் தமிழில் கொண்டுவருவதும் உங்கள் வேலை. அவர் கோபத்தை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் இறக்குங்கள். ஆனால் பெண்கள் சொல்லும் குறையை ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் மேலே கொண்டுபோங்கள். கழிப்பிடம் இல்லை, குடிதண்ணீர் வரவில்லை, போன வாரக் கூலியில் ஒரு நாள் விட்டுப்போனது என்பதெல்லாம் சின்ன விஷயமல்ல. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் போனஸுக்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள். தங்கள் பேரில் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்ட சேர்க்கவில்லை. இடையில் இருப்பவர் குறையை மேலே கொண்டுபோகாவிட்டால் நிலைமை அதுவரை போகும். உங்கள் குழுவில் யாராவது ஒரு குறை சொன்னால் தேதி போட்டு எழுதுங்கள். பதில் ‘முடியாது’ என்றாலும் இரண்டு நாளுக்குள் அவரிடமே போய்ச் சொல்லுங்கள்.

நேரத்திலும் சொன்ன சொல் நிற்க வேண்டும். நாலு மணிக்கு வேலை முடியும் என்றால் மூன்றரைக்கே கடைசி எடையைத் தொடங்குங்கள். இருட்டுமுன் மலைப்பாதை இறங்கி, வீட்டில் உலை வைக்க வேண்டியவர்கள் அவர்கள். ஜீப்பில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் நிறுத்தி இறக்குங்கள். இன்னொரு நடை அடிக்கும் செலவை மேனேஜரிடம் பேசி வாங்குவது உங்கள் பொறுப்பு. கடைசி ஆள் ஏறி வண்டி கிளம்பிய பிறகு ஸ்டோருக்குப் போய், அன்றைய காயை ஒருமுறை கையால் அள்ளிப் பார்த்து, பிஞ்சு எந்த வரிசையிலிருந்து வந்தது என்று நோட்டில் குறியுங்கள். மறுநாள் யாரை எங்கே நிறுத்துவது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.