சர்ச் கீபோர்டுக்காரர்களுக்கு டெபுஸி: ‘லா சுவாரே தான் கிரனாத்’

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பியானோ ஆசை வந்த பலரும் சர்ச் கொயரில் கீபோர்டு பழகியவர்கள். வலது கைக்குப் பாட்டு, இடது கைக்குக் கார்டு என்றே கை பழகியிருக்கும். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் இந்தப் பியானோ துண்டு ஸ்பெயினின் கிரனடா நகரத்து மாலையைக் காட்டுவது. பல இடங்களில் அந்தப் பழக்கத்தைத் தலைகீழாகக் கேட்கும்.

1903-இல் வந்த ‘எஸ்டாம்ப்’ தொகுப்பில் இது இரண்டாவது. ஸ்பெயினை டெபுஸி சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் ஸ்பெயின்காரரான இசையமைப்பாளர் மனுவேல் தே ஃபாயா இதை மெச்சினார்.

இசை நோட்டு, பழைய இசைக்குறிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசம். பிரிண்ட் எடுங்கள், போன் திரையில் கண்தான் போகும். முதலில் ‘டெம்போ ஜியுஸ்டோ’ (சீரான வேகம்) என்று போட்டிருக்கும் இடம்வரை போதும்.

தாளம் ஹபனேரா, கியூபாவிலிருந்து வந்த நடனத் தாளம். கீபோர்டைத் தொடுமுன் வாயால் சொல்லுங்கள்: தகிட, த, தக, தக. மொத்தம் எட்டு, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் தட்டு. டேங்கோ ஸ்டைல் பட்டனைத் தயவுசெய்து அமுக்காதீர்கள். இது சோம்பலாக அசைய வேண்டிய தாளம்.

அடுத்ததுதான் என்னைப் படுத்தியது. வலது கை மேலே சி ஷார்ப் சுரத்தை விடாமல் ஒலிக்க, கீழே இடது கை பாடும். அந்த மெட்டில் மாயாமாளவகௌளை ராகத்தின் சாயல் உண்டு. அந்த ராகத்தில் கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசை பாடியவர்களின் காது உடனே பிடித்துக்கொள்ளும். இடது கையை மட்டும் தனியாக, கூடவே பாடிக்கொண்டு பழகுங்கள். அப்புறம் வலது கையைச் சேர்க்கும்போது கீயை முழுதாக மேலே வர விடாமல் மறுபடி அமுக்குங்கள். அப்படியும் சி ஷார்ப்தான் முன்னால் கேட்கிறதா? டச் ரெஸ்பான்ஸ் (தொடும் வேகத்துக்கேற்பச் சத்தம் மாறும் வசதி) ஆனில் இருக்கிறதா பாருங்கள். கொயர் கீபோர்டுகளில் அதை அணைத்து வைக்கும் வழக்கம் உண்டு. அணைத்திருந்தால், எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் இரண்டு கைக்கும் ஒரே சத்தம்தான் வரும்.

சுரத்தை நீட்டிக்கக் காலால் அமுக்கும் பெடலை, பியானோ பெடல் வடிவில் இருப்பதாகவே வாங்குங்கள். சதுரப் பெட்டி மாதிரி வருவது டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். அடியில் ரப்பர் ஷீட் போட்டால் ஓரளவு நிற்கும்.

பதிவுக்கு ஹெட்போன் ஜாக்கிலிருந்து லேப்டாப்புக்குக் கேபிள்தான் என் கட்சி. மைக் வைத்தால் ஃபேனும் கோயில் ஸ்பீக்கரும் சேர்ந்து வாசிக்கும்.

பிற்சேர்க்கை: 61 கீ போதுமா என்று சிலர் கேட்டார்கள். பழகப் போதும், கிடைக்காத சுரத்தை ஓர் ஆக்டேவ் உள்ளே தள்ளுங்கள். பதிவுக்கு 88 கீ தேடுங்கள்.

இன்னொன்று. யூடியூபில் போட்டதும் காப்புரிமைக் கோரல் வரலாம். டெபுஸி இறந்தது 1918-இல். இசைக்கு உரிமை காலாவதி. வேறு யாரோ வாசித்த பதிவோடு இயந்திரம் குழப்பிக்கொள்கிறது, அவ்வளவுதான். வாசித்தது நான்தான் என்று எழுதி மறுப்பு அனுப்புங்கள்.