மோட்டாரை எப்போது ஓட்டுவது? கலப்பின அமைப்புக்கு முன்கணிப்புக் கட்டுப்பாடு

மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் சிறிது சிறிதாக ஏறும், இறங்கும். மோட்டாருக்கோ ஓடுவது, நிற்பது என்று இரண்டே நிலை. இப்படி இரண்டும் கலந்ததுதான் கலப்பின அமைப்பு. "மிதவை சுவிட்ச் போதாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். இன்னும் சற்று நேரத்தில் மின்தடை வரப்போகிறது என்பது மிதவைக்குத் தெரியாதே! வரப்போவதையும் கணக்கில் எடுத்து இப்போது என்ன செய்வது என்று முடிவெடுப்பதுதான் முன்கணிப்புக் கட்டுப்பாடு.

பைத்தானில், கணக்கை எழுதப் பல்ப் (PuLP) நூலகமும், அதற்குச் சிறந்த விடையைத் தேடித்தரும் ஹைஸ் (HiGHS) தீர்ப்பானும் எனக்குப் போதும். இந்த அளவுக் கணக்குக்குக் காசு கொடுத்துத் தீர்ப்பான் வாங்குவது வீண்.

படி 1: தொட்டி 1,000 லிட்டர். 5 நிமிடத்துக்கு ஒரு கணம். 24 கணங்கள், அதாவது 2 மணி நேரம் முன்னோக்கிப் பார்க்கிறோம்.

நீர்(க+1) = நீர்(க) + பாய்வு(க) − செலவு(க)

க என்பது கணத்தின் எண். பாய்வு அந்தக் கணத்தில் மோட்டார் ஏற்றும் நீர், செலவு வீட்டில் செலவாகும் நீர்; எல்லாம் லிட்டரில். நீர் 150க்குக் குறையக்கூடாது, 950ஐத் தாண்டக்கூடாது. மோட்டார் ஓடினால் இயக்கம் = 1, நின்றால் 0; மின்தடை உள்ள கணங்களில் இயக்கம் = 0.

படி 2: என் மோட்டார் வேகம் மாற்றக்கூடியது. ஓடினால் ஒரு கணத்தில் 100 முதல் 200 லிட்டர் வரை ஏற்றும், நின்றால் ஒன்றுமில்லை. இயக்கம் என்பது 0 அல்லது 1 மட்டுமே ஏற்கும் மாறி.

100 × இயக்கம் ≤ பாய்வு ≤ 200 × இயக்கம்

தர்க்கத்தைச் சமனிலிகளாக மாற்றும் இந்த வழியை, முன்கணிப்புக் கட்டுப்பாட்டுக்கு ஏற்ற முறையாக ஆய்வாளர்கள் பெம்போராடும் மொராரியும் 1999இல் 'ஆட்டோமாட்டிகா' இதழில் வகுத்துக் கொடுத்தார்கள்.

இங்கேதான் இரண்டு நாள் தொலைத்தேன். வலப்பக்கத்தில் 200க்குப் பதில், "பெரிய எண்தானே வேண்டும்" என்று 10 கோடியைப் போட்டுவைத்தேன். விடையில் இயக்கம் 0. பாய்வோ 100 லிட்டர்! நின்ற மோட்டார் நீர் இறைத்துக்கொண்டிருந்தது. காரணம், ஒரு மதிப்பு முழு எண்ணிலிருந்து 0.000001 வரை விலகியிருந்தாலும் தீர்ப்பான் அதை முழு எண்ணாகவே ஏற்கும். அந்த 0.000001ஐ 10 கோடியால் பெருக்கிப் பாருங்கள்: சரியாக 100. ஆகவே அந்த எண் உங்கள் மோட்டாரின் உண்மையான உச்சமாகவே இருக்கட்டும்.

படி 3: அடிக்கடி மோட்டாரைப் போட்டு நிறுத்தினால் சுருள் சூடாகும்.

தொடக்கம்(க) ≥ இயக்கம்(க) − இயக்கம்(க−1), தொடக்கம்(க) ≥ 0

ஓடும் ஒவ்வொரு கணத்துக்கும் 1, ஒவ்வொரு தொடக்கத்துக்கும் 5 என்று விலை வைத்து, மொத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். முதல் கணத்துக்கு முந்தைய இயக்கமாக, மோட்டாரின் இப்போதைய நிலையைக் கொடுக்க மறக்காதீர்கள்.

படி 4: கிடைத்த திட்டத்தில் முதல் கணத்தை மட்டும் செயல்படுத்துங்கள். 5 நிமிடம் கழித்து மட்டத்தை அளந்து மறுபடி கணக்கிடுங்கள். இயக்கத்துக்கு 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள் உண்டு. தீர்ப்பான் பயன்படுத்தும் கிளை பிரித்து வெட்டும் முறை, பயன்தராத கிளைகளை மொத்தமாக வெட்டி, பெரும்பாலானவற்றைத் தொடாமலே ஒதுக்கிவிடும்.

பிற்சேர்க்கை: மட்டம் 140இல் இருந்தபோது "தீர்வு இல்லை" என்று வந்ததாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தவறு என்னுடையது. 150 என்பதைக் கறாரான எல்லையாக வைக்காமல், நீர் + குறை ≥ 150 என்று தளர்த்தி, குறைக்கு லிட்டருக்கு 100 விலை வையுங்கள். குறை 0க்குக் கீழே போகக்கூடாது. 950ஐ மட்டும் தளர்த்த வேண்டாம்; வழிந்தால் கீழ்வீட்டுச் சுவர் நனையும்.