நிவாரண லாரி ஊர் முனையிலேயே காலியாவது ஏன்?

ஒவ்வொரு புயலுக்கும் புதுப் பிள்ளைகள் லாரி பிடித்துக் கிளம்புகிறார்கள். நாங்கள் செய்த அதே தப்பைச் செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். பழந்துணியைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

மெயின் ரோட்டில் இறக்குவது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நான்காம் நாள் அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தியோடு போனோம். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் ரோட்டோர ஊர்க்காரர்கள் சாய்ந்த தென்னையைக் குறுக்கே போட்டு மறித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் வீட்டிலும் கூரை இல்லை. அரை மணியில் லாரி காலி. போட்டோ வேறு எடுத்துக்கொண்டோம்.

கிளம்பும்போது ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, இவங்களுக்கு இது மூணாவது லாரி. வாய்க்காலுக்கு அந்தாண்ட எங்க காலனிக்கு ஒரு வத்திப்பெட்டி வரல."

நடந்து போய்ப் பார்த்தேன். முப்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே அடுப்பு. விழுந்த மட்டையை எரித்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் இருந்த பெண் எனக்கும் ஒரு தம்ளர் நீட்டினார். என் கையில் கொடுக்க எதுவும் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இப்போது இரண்டு பேர் முதல் நாளே பைக்கில் போய் வீடு வீடாக எண்ணி டோக்கன் கொடுக்கிறோம். லாரியை ஊருக்குச் சற்றுத் தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தில் நிறுத்திச் சரக்கைக் குட்டியானை என்கிற சின்ன வண்டிக்கு மாற்றுகிறோம். வாய்க்கால் கரையில் லாரி திரும்பாது. கடைசித் தெருவில் தொடங்கி ரோட்டுக்கு வருகிறோம். ரோட்டோரத்துக்கும் ஒரு பங்கு தனியாக வைக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி உள்ளே போகாது.

ஊர்ப் பட்டியலை அப்படியே நம்புவது

2004 சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் தலித் குடியிருப்புகளும் இருளர் பழங்குடிக் குடும்பங்களும் பட்டியலில் விடுபட்டன. பட்டியலைக் கையில் வாங்கியதும், இதில் வராத தெரு எது என்று கேளுங்கள். கேட்க வேண்டியது பட்டியல் கொடுத்தவரிடம் அல்ல, டீக்கடையில்.

செல்போனை நம்பிப் போவது

டவரே விழுந்து கிடக்கும்.

எல்லாவற்றையும் சென்னையிலேயே வாங்குவது

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். வெளியிலிருந்து ஹெலிகாப்டர் வந்தது அதற்கு அப்புறம்தான். தண்ணீர் ஏறாத பக்கத்து ஊர் மளிகைக்கடைக்குப் பணத்தை அனுப்பியிருந்தால், சென்னையிலிருந்து சரக்கோடு போன எங்கள் வண்டி ஒருநாள் முழுக்க நெடுஞ்சாலையில் நின்றிருக்காது.