இளம்பெண்கள் வேலையின்மை விகிதத்தை நம் தெருவில் வைத்துப் படிப்பது எப்படி

பி.காம் முடித்து ஏழு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். அந்த நாளில் ஒருவர் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தார். திண்ணையில் இருந்த பெரியப்பா, "பொண்ணு வீட்டுலதான் இருக்கு" என்றார். வந்தவரும் வீட்டைக் கவனித்துக்கொள்பவள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு பதிலால் வேலையில்லாதவர்கள் கணக்கில்கூட நான் இல்லை. எங்கள் மீனவ ஊரான பாம்பன் சின்னப்பாலத்தில் என்னைப் போல எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

செய்தியில் இளம்பெண்கள் வேலையின்மை விகிதம் என்று வந்தால், எதை எதால் வகுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். நம் நாட்டில் 15 முதல் 29 வயது வரை இளையோர் கணக்கு. பேச்சுக்கு ஒரு தெருவில் இந்த வயதில் 20 பெண்கள் என்று வையுங்கள். கடலில் பாசி எடுக்க, நண்டு கம்பெனிக்கு, ராமநாதபுரம் ஜவுளிக்கடைக்கு என்று 6 பேர் போகிறார்கள். 3 பேர் வேலை தேடுகிறார்கள். மீதி 11 பேர் படிக்கிறார்கள், அல்லது வீட்டோடு இருக்கிறார்கள். அந்த 11 பேரை ஒதுக்கிவிட்டுத்தான் வகுப்பார்கள். 9 பேரில் 3 பேர், 33.3 சதவீதம்.

இப்போது தேடிய மூவரில் இருவர், பஸ் காசு போக ஒன்றும் மிஞ்சாது என்று தேடுவதையே விட்டுவிட்டார்கள், கிடைத்தாலும் போவதாக இல்லை. 7 பேரில் ஒருத்தி, 14.3 சதவீதம். ஒருத்திக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை, வேலையின்மை மட்டும் பாதிக்கும் கீழே வந்துவிட்டது! இதை நல்ல செய்தி என்று படித்தால் எனக்கு வயிறு எரியும்.

அதனால் இன்னும் இரண்டு எண்களைப் பக்கத்தில் வையுங்கள். மொத்தப் பெண்களில் வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்து நூற்றுக்கு எத்தனை பேர் என்பது தொழிலாளர் பங்கேற்பு விகிதம். நம் தெருவில் அது 45 சதவீதத்திலிருந்து 35 ஆகிவிட்டது. வேலையில் இருப்பவர்கள் மட்டும் என்றால் முன்பும் 30, இப்போதும் 30. வேலையின்மை விகிதம் மறுபக்கமும் ஏமாற்றும். பக்கத்தில் ஒரு கம்பெனி திறக்கிறது என்று கேட்டு வீட்டோடு இருந்த இரண்டு பேர் தேட ஆரம்பித்தால் விகிதம் ஏறும். அந்த ஏற்றத்தில் நம்பிக்கை இருக்கிறது.

நாட்டுக் கணக்கையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7. பெரிய ஏற்றம்தான். ஆனால் வேலையில் இருக்கும் பெண்களில் சுயதொழில் என்று பதிவானவர்கள் அதே காலத்தில் 51.9இலிருந்து 67.4 சதவீதமாகக் கூடியிருக்கிறார்கள். கூலியே இல்லாமல் குடும்பத் தொழிலுக்குக் கைகொடுப்பவர்களும் அதில் சேர்த்தி.

அப்புறம் எந்த வாரத்தில் கேட்டார்கள் என்பது. வாராந்திரக் கணக்கில், கடந்த 7 நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர். அம்மா பாசிக்குப் போவது அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். இடைப்பட்ட வாரத்தில் கேட்டால் பதிலே வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு நின்றால் மீன் பிரிக்கிற, கருவாடு காயப்போடுகிற பெண்களின் கையும் காய்ந்துபோகும். ஆகவே ஏப்ரல்-ஜூன் எண்ணைப் போன வருஷத்து ஏப்ரல்-ஜூனோடு ஒப்பிடுங்கள், ஜனவரியோடு வேண்டாம்.

சரி, உங்கள் தெருவிலேயே ஒரு கணக்கு எடுக்கலாம் என்றால் ஒரு நோட்டு போதும். கஷ்டம் எல்லாம் கேள்வியில்தான். "வேலைக்குப் போறியா?" என்று கேட்காதீர்கள், "சும்மாதான் இருக்கேன்க்கா" என்பாள். "நேத்து விடிஞ்சதிலிருந்து என்ன செஞ்ச?" என்று தொடங்கி, கடந்த ஏழு நாளையும் கேளுங்கள். அப்பாவின் வலையில் சிக்கிய நண்டைக் கழித்தது, கருவாடு திருப்பிப் போட்டது, அக்கா கடையில் இரண்டு மணி நேரம் இருந்தது எல்லாம் வரும். ஒன்றும் செய்யவில்லை என்றால் மட்டும், "இந்த வாரம் வேலை கிடைச்சா போவியா?" என்று கேளுங்கள். போவேன் என்றால் அவள் வேலையில்லாதவள். முடியாது என்றால் ஏன் என்று எழுதுங்கள்: கைக்குழந்தை, பஸ் நேரம், வீட்டில் விடவில்லை. நான் அதற்கென்று தனிப் பத்தி போட்டு வைத்திருக்கிறேன்; அரசிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

சாயங்காலமாகப் போங்கள், பாசிக்குப் போனவர்களும் வீடு திரும்பியிருப்பார்கள். திண்ணையில் பெரியவர்கள் இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணையே கூப்பிடச் சொல்லுங்கள்.